துரின் குலத்தின் வீழ்ச்சியும் பேராசை என்னும் தீர்ப்பும்

வீழ்ந்துபட்ட ஒரு சமூகத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் அச்சமூகத்தைச் சாராதவர்களே எழுதி வந்துள்ளனர். வீழ்ச்சிக்கான காரணங்களைத் தேடி ஆராயும் உழைப்பை மேற்கொள்வதைவிட, வீழ்ந்தோரின் குணத்திலேயே காரணத்தைக் கண்டுவிடுவது அத்தகையோருக்கு எளிதாகின்றது. சோம்பல், செருக்கு, பேராசை என்றவாறு ஒரு சொல் கிடைத்துவிட்டால் ஆய்வு முடிந்துவிடுகிறது. தீர்ப்பு மட்டுமே எஞ்சுகிறது. அத்தீர்ப்பு காலப்போக்கில் பழமொழி போலாகி, எவரும் சான்று கேட்காத உண்மையாக நிலைபெற்று விடுகின்றது.

ஜே. ஆர். ஆர். ரொல்கீன் (1892–1973) படைத்த கற்பனை உலகில் வாழும் குள்ளர் இனத்தின் மூத்த குலமாகிய துரின் குலத்துக்கும் இத்தகைய தீர்ப்பொன்று வழங்கப்பட்டுள்ளது. மோரியா என்னும் தம் மலைநகரை அக்குலத்தார் இழந்தமைக்கு அவர்களது பேராசையே காரணம் என்பது அத்தீர்ப்பு. நூலைப் படித்தோரும் கூறுகின்றனர். திரைப்படத்தை மட்டும் பார்த்தோரும் கூறுகின்றனர். ஆயின் அந்நூல் தரும் ஆண்டுக் கணக்கையும் சான்றுகளையும் வரிசைப்படுத்தி நோக்குமிடத்து அத்தீர்ப்பு நிலைக்கமாட்டாது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பனைக் குள்ளருக்காக வழக்காடுவது வீண்வேலை எனச் சிலர் நகைக்கக்கூடும். ஒக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் ஒருவர், யுகங்களும் மரபுவழிப் பட்டியல்களும் அடிக்குறிப்புகளும் கொண்டதாக வேண்டுமென்றே வரலாற்று நூலின் வடிவில் அமைத்த படைப்பு இது. வரலாற்றின் வடிவை மேற்கொண்ட நூல் வரலாற்றுக்குரிய வினாக்களை எதிர்கொள்ளவே வேண்டும். அன்றியும், கதையைப் படிக்கும்போது பழகிய கண்ணே நாளை செய்தித்தாளையும் ஆவணத்தையும் படிக்கப்போகின்ற கண் என்பதை நகைப்போர் மறந்துவிடலாகாது.

தீர்ப்பின் பிறப்பிடம்

1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'த லோர்ட் ஒப் த ரிங்ஸ்' நூலிலே, மோரியாவின் இருண்ட மண்டபங்களுக்கூடாகச் செல்லும் பயணிகளுக்கு மந்திரவாதி கண்டால்ஃப் அந்நகரின் கதையைக் கூறுகிறார். மித்ரில் என்னும் அரிய வெள்ளி உலோகமே குள்ளரின் செல்வத்துக்கு அடிப்படையாகவும் அழிவுக்குக் காரணமாகவும் அமைந்தது என்பதும், பேராசை கொண்டு அளவுமீறித் தோண்டியதால் அடியில் உறங்கிய கொடும்பொருளை அவர்கள் எழுப்பிவிட்டனர் என்பதும் அவர் தரும் விளக்கம். தீர்ப்பு பிறந்த இடம் இதுவே. ஆனால் இவ்விளக்கத்தைத் தொடங்குமுன் அவரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: குள்ளர் இதுபற்றி எதுவும் சொல்வதில்லை என்கிறார். பாதிக்கப்பட்டோரின் வாய்மொழி இல்லாத இடத்தில் பிறரின் ஊகம் குடியேறியது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் பாகத்தின் இறுதியிலுள்ள பின்னிணைப்பில் துரின் குல வரலாறு தனியே தரப்பட்டுள்ளது. மித்ரில் ஆண்டுக்காண்டு கிடைத்தற்கரியதாகி வந்தமையால் குள்ளர் ஆழத் தோண்டினர் என்றே அங்கு கூறப்படுகின்றது. பேராசை என்ற சொல் அவ்விடத்தில் இல்லை. அதுமட்டுமன்று. கொடும்பொருளைக் குள்ளர் எழுப்பினர் என்னும் கூற்றுக்கு அங்கேயே ஓர் அடிக்குறிப்பு உள்ளது. அவர்கள் அதைச் சிறையினின்று விடுவித்திருக்கலாம் என்றும், சௌரனின் வன்மத்தால் அது முன்னரே விழித்துக்கொண்டிருக்கவும் கூடும் என்றும் அக்குறிப்பு உரைக்கின்றது. சௌரன் என்பான் அவ்வுலகை அடிமைகொள்ள முயன்ற பேரரசன். ஆகவே பகைவன் எழுப்பிய தீயைக் குள்ளரின் கோடரி எதிர்பாராமற் சென்று தொட்டது என்று கொள்ளவும் நூலாசிரியரே இடமளித்துள்ளார். இருந்தும் அடிக்குறிப்பைப் படிப்போர் சிலர். பழிச்சொல்லை நினைவில் வைத்திருப்போர் பலர்.

திரைப்படங்கள் இப்பழியை மேலும் பெருக்கின. 2001 இல் வெளியான முதற் படத்தில் இக்குற்றச்சாட்டு துரோகியான சாருமானின் வாயில் வைக்கப்பட்டது. 2012 இல் வெளியான 'த ஹொபிட்' படமோ ஒருபடி மேற்சென்று, அரசன் திரோரின் பொன்னாசையை ஒரு நோயாகக் காட்டி, அந்நோயின் பின்விளைவாகவே டிராகன் வந்தது எனத் தோன்றும்படி கதையைத் தொடங்கிற்று. கொள்ளையடித்தவனின் குற்றம் இவ்வாறாகக் கொள்ளை கொடுத்தவனின் நோயாக மாற்றப்பட்டது.

சுரங்கத்தின் கணக்கு

இனி ஆண்டுகளை நோக்குவோம். குள்ளரின் எழுவர் மூதாதையருள் மூத்தவன் துரின். அவன் மலையடிவாரத்து ஏரியொன்றின் அருகே, மேலிருந்த குகைகளில் தன் உறைவிடத்தை அமைத்தான். அதுவே கசாட்-தூம், மோரியா என்பது பிறர் பிற்காலத்தில் இட்ட பெயர். முதல் யுகத்தின் இறுதியில் நீலமலைகளிலிருந்த இரு குள்ளர் நகரங்கள் அழிந்தபோது அங்கிருந்தோர் பலர் தம் கைவினை அறிவோடு இங்கு வந்து சேர்ந்தனர். பிற நகரத்து அகதிகளை ஏற்று வளர்ந்த நகரம் அது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாம் யுகத்தின் 750 ஆம் ஆண்டளவில் எல்ஃப் இனத்தவர் மோரியாவுக்கு மேற்கே எரெகியன் நாட்டை நிறுவினர். அங்கு மித்ரில் கிடைக்கின்றது என்பதை அறிந்தே அவர்கள் வந்தனர். இரண்டாம் யுகம் 3441 ஆண்டுகள் நீடித்தது. மூன்றாம் யுகத்தின் 1980 ஆம் ஆண்டில் பல்ரொக் என்னும் அத்தீப்பேய் வெளிப்பட்டு ஆறாம் துரினைக் கொன்றது. கூட்டிப் பார்த்தால் மித்ரில் கண்டெடுக்கப்பட்டதற்கும் நகரம் வீழ்ந்ததற்கும் இடையே 4,600 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்துள்ளது. ஒரு நகரம் நாற்பத்தாறு நூற்றாண்டுகள் ஒரே தொழிலைச் செய்து, மண்டபமும் பாலமும் படிக்கட்டும் அமைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றது. அத்தனை நூற்றாண்டுகளையும் விட்டு, இறுதியில் நேர்ந்த ஒரு விபத்தை மட்டும் எடுத்து, அதுவே அம்மக்களின் இயல்பு என்பது எவ்வகை வரலாற்று முறை?

சுரங்கத் தொழிலின் இயல்பைச் சிறிதேனும் அறிந்தோர் ஆழத்தை ஆசையின் அளவுகோலாகக் கொள்ளமாட்டார்கள். மேற்படையிலுள்ள தாது தீர்ந்தால் கீழ்ப்படைக்கு இறங்குவதன்றி வேறு வழியில்லை. ஆசை கூடியதால் ஆழம் கூடவில்லை. தாது குறைந்ததால் ஆழம் கூடிற்று. மோரியாவின் மித்ரில் நிரை வடக்கே கரட்ராஸ் மலையை நோக்கிச் சென்று இருளுக்குள் இறங்கியது என்று கண்டால்ஃப்பே கூறுகிறார். நிரை எங்கே இறங்கியதோ அங்கே தொழிலாளியும் இறங்கினான்.

அவன் இறங்காது நின்றிருக்கலாகாதா எனில், அவ்வினாவுக்கு விடை குள்ளரின் பொருளியலில் உள்ளது. குள்ளர் உழவர் அல்லர். 1937 இல் வெளிவந்த 'த ஹொபிட்' நூலில் துரின் குலத்துத் தோரின் தன் முன்னோரின் வாழ்வை விவரிக்கும்போது, தாம் உணவை விளைவிக்கவோ தேடவோ முயலாது இருந்தமையையும், அயலிலிருந்த மனிதர் தம் மைந்தரைத் தொழில் பழக அனுப்பி அதற்கு ஈடாகப் பெரும்பாலும் உணவையே தந்தமையையும் குறிப்பிடுகிறான். கைவினையை விற்று அரிசி வாங்கும் குடியானவனின் நிலை இது. விற்பதற்குப் பொருள் இல்லையேல் உலையில் இடுவதற்கும் ஒன்றுமில்லை. பொன்னும் மணியும் கசாட்-தூமில் இருந்தனவேனும் அவை பிற இடங்களிலும் கிடைப்பவை. அந்நகருக்கே உரிய பண்டம் மித்ரில் ஒன்றே. ஒரே பண்டத்தில் தங்கி வாழும் ஊரின் நெருக்கடியைப் பேராசை எனப் பெயரிட்டு அழைப்பது, தேங்காயெண்ணெய் விலை வீழ்ந்ததற்குத் தென்னந்தோட்டக்காரனின் குணத்தைக் குறைகூறுவதை ஒக்கும்.

மித்ரில் சென்ற இடங்கள்

தோண்டியவனின் ஆசையைப் பேசுவோர் வாங்கியவனின் ஆசையை ஏன் பேசுவதில்லை? மித்ரிலின் விலை பொன்னினும் பத்து மடங்கு என்றும், பின்னர் அது விலைமதிப்புக்கே அப்பாற்பட்டது என்றும் நூல் கூறுகின்றது. அவ்விலையைக் கொடுத்தவர் யாவர்?

எல்ஃப் இனத்தார் அதை மிகவும் நேசித்தனர். மோரியாவின் மேற்குவாயிற் கதவில் நிலவொளியிலும் விண்மீன் ஒளியிலும் மட்டும் தோன்றும் கோடுகள் மித்ரிலினின்று எல்ஃப்கள் ஆக்கிய பொருளால் வரையப்பட்டவை. அக்கதவை அமைத்தவன் நார்வி என்ற குள்ளன். எழுத்தைப் பொறித்தவன் கெலெபிரிம்போர் என்ற எல்ஃப். கலாட்ரியல் பேரரசியின் விரலில் இருந்த மோதிரம் மித்ரிலாலானது. மனிதரின் தலைநகராகிய மினாஸ் திரித்தில் கோட்டைக் காவலர் அணிந்த தலைக்கவசங்களும் மித்ரிலாலானவை. அவை பண்டைப் பெருமையின் சின்னங்கள் எனப் போற்றப்படுகின்றன. குள்ளர் வெளியேறிய பின் மோரியாவில் எஞ்சிய மித்ரிலில் ஏறத்தாழ முழுவதையும் ஓர்க்குகள் திரட்டிச் சௌரனுக்குத் திறையாகச் செலுத்தின என்றும், அவன் அதைப் பெரிதும் விரும்பினான் என்றும் அறிகிறோம்.

ஆக, அரசியின் விரலில் அது அழகு. காவலனின் தலையில் அது மரபு. குள்ளனின் கையில் மட்டும் அது பேராசை! அணிந்தவர் தூயோராகவும் அகழ்ந்தவன் பாவியாகவும் ஆக்கப்படுவது கற்பனை உலகுக்கு மட்டுமே உரிய விந்தையன்று. இரத்தினத்தைப் பூண்டோரின் பெருமையைப் பாடியோர் அகழ்ந்தோரின் பெயரைக் கேட்டதில்லை.

இங்கே பின்னிணைப்பின் குறையொன்றையும் சுட்டுதல் தகும். அது அரசரின் வரலாறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தோருள் ஒருவனின் பெயரும் அதில் இல்லை. குள்ளரில் பெண்கள் மூன்றிலொரு பங்கினர் என அது கூறுகின்றது. ஆனால் அவ்வரலாற்றிலெல்லாம் பெயர் சுட்டப்படும் குள்ளப்பெண் டீஸ் ஒருத்தியே. அவளும் தோரினின் தங்கையாகவும் கிலி, ஃபிலி என்போரின் தாயாகவும் மட்டுமே தோன்றுகிறாள். உழைத்தவனையும் பெண்ணையும் விலக்கிவிட்டு, முடிசூடிய சிலரின் மனநிலையை வைத்து ஒரு மக்கட்கூட்டத்தின் இயல்பை முடிவுசெய்வது ஏற்கத்தக்கதன்று.

வெளியேற்றத்தின் ஆயிரம் ஆண்டு

1981 இல் துரினின் மகன் முதலாம் நாயினும் கொல்லப்பட்டான். மக்கள் ஓடினர். பெரும்பாலோர் வடக்கே சென்றனர். 1999 இல் முதலாம் திரெயின் எரெபோர் என்னும் தனிமலையில் அரசமைத்தான். 2210 இல் அவன் மகன் தோரின் அங்கிருந்து சாம்பல்மலைகளுக்குப் பெயர்ந்தான். அங்கே டிராகன்கள் வந்தன. 2589 இல் முதலாம் டாயின் தன் மண்டபத்து வாயிலிலேயே மகனுடன் கொல்லப்பட்டான். மறு ஆண்டு திரோர் எரெபோருக்கு மீண்டான். 180 ஆண்டுகள் தொழிலும் வாணிகமும் செழித்தன. 2770 இல் ஸ்மௌக் என்னும் டிராகன் வந்து மலையையும் அருகிருந்த டேல் நகரையும் அழித்தது.

ஓரிடத்தில் வேரூன்றுவதும், வேரோடு பிடுங்கப்படுவதும், மீண்டும் வேறோரிடத்தில் அடுப்பு மூட்டுவதுமே இக்குலத்தின் வரலாறு. ஒவ்வொரு முறையும் அழிவு வெளியிலிருந்தே வந்தது. டிராகன்கள் திருடுவனவேயன்றி எதையும் ஆக்குவனவல்ல. திருடிய பொருளின் பயனையும் அவை துய்ப்பதில்லை எனத் தோரின் கூறுகிறான். ஆக்குவோனையும் பதுக்குவோனையும் பிரித்துக் காட்டும் தெளிவு அவனிடம் இருந்தது; அவனை விமர்சிப்போரிடம் இல்லை.

முதுமையும் வறுமையும் எய்திய திரோர், 2790 இல் நார் என்ற ஒரே துணையுடன் மோரியாவின் வாயிலுக்குச் சென்றான். உள்ளே நுழைந்த அவனை ஓர்க்குத் தலைவன் அசொக் கொன்று, தலையைக் கொய்து, நெற்றியில் தன் பெயரைச் சூட்டுக்கோலாற் பொறித்து வெளியே எறிந்தான். காத்து நின்ற நாரின் முகத்தில் சில்லறைக் காசு கொண்ட ஒரு பையையும் வீசினான். தன் முன்னோரின் வீட்டு வாயிலுக்கு வந்தவன் பிச்சைக்காரன் என்பதே அச்செயலின் பொருள். 2793 முதல் 2799 வரை நடந்த குள்ளர்–ஓர்க்குப் பெரும்போர் இவ்வவமதிப்பிலிருந்து எழுந்ததேயன்றிப் பொன்னுக்காக எழுந்ததன்று. போரின் முடிவில் அசொக்கின் தலையைக் கழுமரத்தில் ஏற்றி, அதன் வாயில் அதே காசுப்பையைத் திணித்தனர். பேராசைக்காரர் எனப்படுவோர் பணத்தைத் திருப்பிக் கொடுத்த விதம் அது!

அப்போரில் வென்றோருள் எழுந்து நிற்கக்கூடியவரும் பிழைக்கும் நம்பிக்கை உடையவரும் பாதிப்பேர்கூட இல்லை. கல்லறையில் இடுவதே குள்ளரின் மரபு. இறந்தோர் தொகை மிகுதியாதலால் அது இயலாது போயிற்று. பள்ளத்தாக்கின் மரங்களையெல்லாம் வெட்டி அடுக்கி உடல்களை எரித்தனர். பின்னர் அங்கே மரம் முளைக்கவே இல்லை. அதன்பின் தன் முன்னோன் ஒருவனை எரியூட்டப்பட்ட குள்ளன் எனக் கூறுவது அக்குலத்தார்க்குப் பெருமையாயிற்று.

போர் முடிந்தபின் திரெயின் தன் மகன் தோரினை நோக்கி, உலைக்களத்துக்குத் திரும்புவாயா அல்லது செருக்குற்றோர் வாயிலில் இரந்து உண்பாயா என வினவினான். உலைக்களத்துக்கே என்றான் மகன். நீலமலைகளில் அவர்கள் அமைத்த அகதி வாழ்வில் செய்தவை பெரும்பாலும் இரும்புப் பொருட்களே. கொல்லராகவும், சில காலம் நிலக்கரி தோண்டுவோராகவும் வாழ்ந்தமையைத் தோரின் பிற்காலத்தில் நினைவுகூர்கிறான். பொன்வெறி பிடித்த குலத்தின் தினக்கூலி வரலாறு இது.

மறுப்புகளுக்கு மறுமொழி

தோரினின் செயலுக்கு என்ன சொல்வது என்பது முதல் மறுப்பு. 2941 இல் எரெபோரை மீட்டபின், டிராகனைக் கொன்ற பார்ட்டுக்கும் வீடிழந்த ஏரிநகர மக்களுக்கும் பங்கு தர அவன் மறுத்தான். அது குற்றமே, மறைப்பதற்கில்லை. மரணப்படுக்கையில் அவனே அதை உணர்ந்தான். ஆயின் அக்குற்றத்தை அவனோடு நிறுத்துவதே நீதி. அவனுக்குப்பின் அரசேற்ற இரண்டாம் டாயின் பொன்னிலும் வெள்ளியிலும் பதினான்கிலொரு பங்கைப் பார்ட்டுக்குக் கொடுத்தான். அவனது ஆட்சியில் டேல் நகரம் மீண்டும் எழுந்தது.

மற்றையோரையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்போம். எல்ஃப் மன்னனின் பலவீனம் செல்வமே, குறிப்பாக வெள்ளியும் வெண்மணியும் என 'த ஹொபிட்' வெளிப்படையாகக் கூறுகின்றது. ஏரிநகரத் தலைவனோ தன் மக்களுக்கெனத் தரப்பட்ட பொன்னை எடுத்துக்கொண்டு ஓடி, பாழ்நிலத்தில் பசியால் இறந்தான். இவற்றைக் கொண்டு எல்ஃப் இனம் பேராசை இனம் என்றோ, மனிதரின் வரலாறு பொன்னாசையின் வரலாறு என்றோ எவரும் எழுதியதில்லை. ஒருவரின் குறை அவரது குறையாகவும், மற்றொருவரின் குறை அவரது இனத்தின் குறையாகவும் கொள்ளப்படுவதை முற்சாய்வு என்பதன்றி வேறென்ன சொல்வது?

இரண்டாம் மறுப்பு மோதிரங்களைப் பற்றியது. குள்ள அரசரிடம் இருந்த ஏழு மோதிரங்கள் அவர்களது பொன்னாசையைத் தூண்டின என்று நூலே கூறுகின்றதே என்பர். உண்மை. ஆனால் அதே பகுதி, அம்மோதிரங்கள் அவர்களைச் சௌரனின் அடிமைகளாக்கத் தவறின என்றும் கூறுகின்றது. மோதிரம் பெற்ற மனிதரோ நிழலுருக்களாகி அவனுக்கே ஏவல் செய்தனர். அழிப்பதற்கென்றே பகைவன் ஆக்கிய கருவியின் விளைவைப் பாதிக்கப்பட்டோரின் பிறவிக்குணமாகக் கொள்வது நஞ்சுண்டவனைக் குடிகாரன் என்பதற்கு நிகர். இரண்டாம் யுகத்தின் 1697 இல் எரெகியன் அழிந்தபோது, பின்வாங்கிய எல்ஃப் படையைக் காக்க மோரியாவின் குள்ளர் வெளிவந்து சௌரனின் படையைப் பின்புறமாகத் தாக்கினர் என 1980 இல் வெளியான 'அன்பினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பால் அறிகிறோம். அன்று முதல் அவன் மோரியாவின் பகைவனானான்.

மூன்றாவது, பாலினின் செயல். 2989 இல் அவன் மோரியாவில் குடியேற முயன்று ஐந்தாண்டில் தன் கூட்டத்தோடு அழிந்தான். இதுவும் பேராசையே என்பர். பாலின் இறந்தது சுரங்கத்தில் அன்று. துரின் கண்ட ஏரியைப் பார்க்கத் தனியே சென்ற வேளையில் மறைந்திருந்த ஓர்க்கு ஒன்றின் அம்பு பட்டு இறந்தான். இதற்குரிய மறுமொழியை எல்ஃப் பேரரசி கலாட்ரியலே வழங்கிவிட்டாள். மோரியாவில் நுழைந்தமைக்காகக் குள்ளரைக் கடிந்த தன் கணவன் கெலெபோர்னை நோக்கி, நாம் நம் நாட்டினின்று நெடுங்காலம் அகற்றப்பட்டிருந்தால், டிராகன்களின் இருப்பிடமாகவே அது ஆகியிருந்தாலும், அவ்வழியே செல்லும்போது பழைய வீட்டைப் பாராது செல்வோர் நம்முள் எவர் என்ற கருத்தில் அவள் பேசுகிறாள். மோரியாவின் இடங்களைக் குள்ளரின் மொழியிலேயே பெயர் சொல்லி அழைக்கிறாள். அச்சொற்களைக் கேட்டுக் குள்ளன் கிம்லியின் சினம் கரைகின்றது. பொருளாசை எனப் பிறர் கண்ட இடத்தில் வீட்டு நினைவைக் கண்டவள் அவள் ஒருத்தியே.

பழிச்சொல்லின் பழைய வழி

இப்பழிச்சொல் வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததன்று. துரின், தோரின் முதலிய பெயர்களைப் பழைய நோர்ஸ் மொழியின் 'வொலுஸ்பா' என்னும் பாடலிலிருந்து ரொல்கீன் எடுத்தார். ஆயின் குள்ளரின் வாழ்நிலைக்கு அவர் மனத்தில் இருந்த ஒப்புமை வேறு. 1955 இல் நவோமி மிச்சிசன் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், குள்ளரை யூதரைப்போலத் தாம் எண்ணுவதாக அவர் குறிப்பிட்டார். வாழும் நாட்டுக்கு உரியவராகவும் அந்நியராகவும் ஒருங்கே இருப்பதையும், நாட்டுமொழியைத் தம் தாய்மொழியின் சாயலோடு பேசுவதையும் அவர் சுட்டினார்.

இவ்வொப்புமை பேராசை என்ற சொல்லின் வழித்தடத்தைத் திறந்து காட்டுகின்றது. இடைக்கால இங்கிலாந்தில் நிலவுடைமையினின்றும் பல தொழில்களினின்றும் விலக்கப்பட்ட யூதர் வட்டித்தொழிலுக்குள் ஒதுக்கப்பட்டனர். அத்தொழிலையே காட்டிப் பேராசைக்காரர் எனப் பழிக்கப்பட்டனர். 1190 இல் யோர்க் நகரில் அவர்களைத் தாக்கிப் பலரை அழித்த கும்பல், பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த கடன்பத்திரங்களை எரித்துச் சாம்பலாக்கிற்று. யாருடைய பேராசை அன்று எரிந்தது? 1275 இல் வட்டித்தொழிலும் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. 1290 இல் முதலாம் எட்வேர்ட் மன்னன் அவர்களை நாட்டை விட்டே துரத்தினான். முதலில் வாழ்வழிகளை மூடுவது, பின்னர் எஞ்சிய வழியைக் குற்றமாக்குவது, இறுதியில் வெளியேற்றுவது, அதன்பின் வெளியேற்றத்துக்கு அவர்களது குணமே காரணம் என எழுதுவது: ஒழுங்கு இதுவே.

'த ஹொபிட்' எழுதிய காலத்தில் ரொல்கீனும் இப்பழக்கத்தினின்று முற்றாக விடுபட்டிருக்கவில்லை. குள்ளர் வீரரல்லர், காசின் மதிப்பை நன்கு கணக்கிடுவோர் என்ற ஏளனக் குறிப்பு அந்நூலில் உண்டு. ஆனால் மறு ஆண்டே, 1938 இல், அந்நூலின் மொழிபெயர்ப்பை வெளியிட முனைந்த ஜேர்மன் பதிப்பகம் அவர் ஆரிய வம்சத்தவரா என வினவியபோது, அவ்வினாவையே கண்டித்து, திறன்மிக்க யூத இனத்தில் தமக்கு மூதாதையர் இல்லாமைக்கு வருந்துவதாக அவர் மறுமொழி வரைந்தார். 1955 இன் பின்னிணைப்பில் ஏளனம் இல்லை. ஏளனம் இருந்த இடத்தில் எரிந்த உடல்களும் உலைக்களமும் உள்ளன. நூலாசிரியர் வந்து சேர்ந்த இடத்துக்கு வாசகரும் விமர்சகரும் திரைப்படக்காரரும் இன்னும் வந்து சேரவில்லை.

துரின் குலத்தின் முன் வைக்கப்பட்ட இறுதிச் சோதனையோடு இவ்வழக்கை முடிக்கலாம். மூன்றாம் யுகத்தின் இறுதியில் சௌரனின் தூதன் ஒருவன் இரவில் எரெபோரின் வாயிலுக்கு வந்தான். ஹொபிட் ஒருவனிடமுள்ள அற்ப மோதிரமொன்றைப் பற்றிய செய்தியைத் தந்து, அதைப் பெற்றும் தந்தால், குள்ள மூதாதையரின் மூன்று மோதிரங்களும் மோரியா அரசும் என்றென்றைக்கும் உங்களுடையவை என்றான். மறுத்தால் நன்மை விளையாது எனவும் எச்சரித்தான். ஆயிரம் ஆண்டுகளாக அக்குலம் ஏங்கிய நகரம், ஒரு நண்பனின் பெயரைச் சொல்வதற்கு விலையாக வைக்கப்பட்டது. டாயின் பெயரைச் சொல்லவில்லை. காலம் தாழ்த்தினான், நண்பனை எச்சரிக்கக் குளோயினை அனுப்பினான். இறுதியில் வந்தது படை. 3019 மார்ச்சில் எரெபோரின் வாயிலில், வீழ்ந்து கிடந்த டேல் நகர மன்னன் பிராண்டின் உடலருகே நின்று, 252 வயது நிரம்பிய டாயின் கோடரி ஏந்திப் போரிட்டு மாண்டான்.

மோரியாவை விலையாகக் காட்டியும் வாங்க இயலாத குலத்தைப் பேராசைக் குலம் என்பவர், இனியேனும் சான்றோடு பேசுதல் வேண்டும்.